மேல்வீட்டில் மா இடித்த சத்தம்

உங்களுக்கு ஏன் இந்த விடுப்பு, இந்த ஊர்வம்பு? அடுத்த வீட்டுப் பானையின் மூடியைத் தூக்கிப் பார்க்காவிட்டால் சிலருக்குச் சாப்பாடு செமிக்காது. என் மகள் எங்கே போனாள், ஏன் போனாள், மருமகன் அப்படி என்ன செய்தார் என்று கேட்டுக் கேட்டு லண்டன் வெம்பிளியில் பாதிப் பேருக்கு வாய் உளைந்துவிட்டது. இப்போது நீங்களும் வந்து நிற்கிறீர்கள். கேட்க வெட்கமாக இல்லையா? எனக்கும் சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வெட்கத்தை ஒருநாள் கோயிலில் தொலைத்துவிட்டேன். அதனால் சொல்கிறேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து இருங்கள்.

என் மனுசன் செத்த பிறகு மகள் என்னை யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே எடுத்தாள். மாடிக் கட்டடம் ஒன்றில் மேல்வீடு. எங்கள் நிலம்தான் கீழ்வீட்டுக்காரிக்குக் கூரை. அவளும் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள்தான். நான் நடந்தால் எந்தக் கால் நோகிறது என்று கீழே இருந்தே சொல்லிவிடுவாள். அவ்வளவு காது.

வீட்டில் மகள், மருமகன், இரண்டு பேத்திகள், நான். மகள் வயோதிபர் இல்லமொன்றில் வேலை செய்தாள். நாள் முழுக்க வெள்ளைக்காரக் கிழவிகளைக் குளிப்பாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து தமிழ்க் கிழவி என்னையும் பார்த்தாள். மருமகனுக்குப் பெற்றோல் ஸ்டேசனில் வேலை. உலகத்துக்கு நல்லவர். தேருக்கு முன்வடம் பிடிக்கிற ஆள். அன்னதானத்துக்கு அண்டா தூக்குகிறவர். எனக்குக் குளிருமென்று கம்பளிச் சப்பாத்து வாங்கிவந்து, தானே குனிந்து போட்டுவிட்டவர். மாமி, மாமி என்று அவர் கூப்பிடுகிறதைக் கேட்டுவிட்டு மற்றக் கிழவிகள் பொறாமைப்பட்டார்கள். நானும் அந்தப் பொறாமையைக் கொஞ்சம் அனுபவித்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன்.

வார முடிவில் குடிப்பார். குடித்தால் பேச்சுக் குறையும். பிறகு மகளைக் கூப்பிடுவார். அறைக் கதவு சாத்தப்படும். பிறகு அந்தச் சத்தம். ஊரில் உரலில் மா இடிக்கிற சத்தம் கேட்டிருப்பீர்கள், இடைவெளி விட்டு விட்டு விழும். அதே மாதிரி. மூத்த பேத்திக்கு அப்போது பதினொரு வயது. சின்னவளைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு, தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நடிகர்கள் வீடு அதிரக் கத்துவார்கள். நாங்கள் மூன்று பேரும் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருப்போம். அதற்குள் என்ன ஓடியது என்று கேட்டால் மூவருக்கும் தெரியாது.

நான் ஒருமுறை எழுந்துபோய்க் கதவைத் தட்டினேன். சத்தம் நின்றது. கதவைத் திறந்து, "படுங்கோ மாமி, ஒண்டுமில்லை" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுச் சாத்தினார். பிறகு முன்னையதைவிடப் பலமாகக் கேட்டது. அதற்குப் பிறகு நான் தட்டவில்லை.

அடுத்தநாள் காலையில் அவரே எழும்பி எல்லோருக்கும் தேத்தண்ணி போடுவார். மகள் கை நீண்ட சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போவாள். படிக்கட்டில் கீழ்வீட்டுக்காரி என்னை மறித்து, நேற்று மேலே என்ன சத்தம் என்று கேட்பாள். மா இடித்தேன் என்பேன். லண்டனில் உரலுக்கு எங்கே போனீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பொய் வைத்திருந்தேன்.

மகளைக் கேட்டால் ஒரே பதில்தான். குடித்தால்தான் அப்படி, மற்றும்படி தங்கமான மனுசன். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். குற்றம் போத்தலுடையது என்றால் போத்தலை ஒரு வழி பண்ணினால் போதும், பாருங்கள். மனுசனை ஒரு வழி பண்ணத் தேவையில்லை.

மருமகன் பக்திமான் என்று சொன்னேனே. விரத நாளில் வீட்டில் மச்சம் சமைக்கவும் கூடாது, அவர் போத்தலைத் தொடவும் மாட்டார். திருநீறு பூசிக்கொண்டு, நேரத்துக்குப் படுத்துவிடுவார். இதை நான் கவனித்தேன். வெள்ளி விரதம் அவருக்கு ஏற்கெனவே உண்டு. ஆகவே சனிக்கும் ஞாயிறுக்கும்தான் எனக்கு விரதம் தேவைப்பட்டது.

கடவுள் தந்த விரதங்கள் போதாமல் போனபோது நான் கொஞ்சம் செய்துகொண்டேன். சதுர்த்தி, பிரதோசம், கார்த்திகை எல்லாம் என் சொற்படி சனிக்கிழமையில் வந்து விழுந்தன. அவருக்குத் தகப்பன் இல்லை, அமாவாசை பிடிப்பார். மாதத்துக்கு ஒன்று போதாதென்று நான் இரண்டு கொடுத்தேன். அந்த வருடம் லண்டனில் சந்திரனைத் தேய்த்ததும் வளர்த்ததும் நான்தான். ஒருநாள் அவர் பலசரக்குக் கடைக் கலண்டரைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு ஒன்றும் போடவில்லையே என்று சந்தேகப்பட்டார். கலண்டர் ஊர் நேரத்துக்கு அடித்தது, லண்டனில் திதி முன்னுக்கே தொடங்கிவிடும் என்று சொன்னேன். இங்கே ஒரு கோயிலில் இன்றைக்கு என்பார்கள், மற்றக் கோயிலில் நாளைக்கு என்பார்கள். ஐயர்மாருக்கே தகராறு. அதற்குள் நானும் ஒரு ஐயராகப் புகுந்துகொண்டேன்.

விரதமென்று சொன்னால் பிடிக்கவும் வேண்டுமே. எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. பட்டினி கிடக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். மருமகன் பார்க்கிறாரே, வேறு வழியில்லை. ஒருநேரச் சாப்பாட்டோடு கிடந்தேன். சில நாள் குசினியில் அடுப்புக்கு முன்னால் நிற்கக் கண் இருட்டிக்கொண்டு வரும். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கடவுளே, இது உனக்கில்லை, ஆனாலும் கணக்கில் சேர்த்துக்கொள் என்று சொல்லிக்கொள்வேன்.

ஆனால் பலித்தது. மா இடிக்கிற சத்தம் குறைந்தது. பிறகு நின்றேவிட்டது. கந்தசட்டி ஆறு நாளும் வீடு கோயில் மாதிரி இருந்தது. கீழ்வீட்டுக்காரிகூட, இப்போது மா வாங்குகிறீர்களோ என்று கேட்டாள். ஓம், பைக்கட் மா என்றேன். எனக்கு உள்ளுக்குள் பெரிய பெருமை. படித்தவர்கள் கோர்ட்டுக்குப் போய்ச் செய்கிறதை நான் ஒரு கலண்டரை வைத்துச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பெண்கள் சங்கத்தில் மாதம் ஒருதரம் மத்தியானப் படம் போடுவார்கள். கதிரைகளை வரிசையாக வைத்து, யன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, பின்னால் ஒரு மேசையில் ரோல்ஸும் தேத்தண்ணியும். கிழவிகள் அரைவாசிப் பேர் ரோல்ஸுக்குத்தான் போவோம். வழக்கமாகத் தமிழ்ப் படம். மாசி மாதம் சங்கத்தை நடத்துகிற இளம் பெட்டை வேறொன்றைக் கொண்டுவந்தாள். அவள் இங்கே பிறந்தவள். அவள் தமிழ் குளிரில் நடுங்கிக்கொண்டு வரும், ஆனால் வந்துசேரும். நியூசிலாந்தில் மாவோரி என்று ஒரு சனம், அந்த நிலத்துக்கு முதலில் வந்த ஆட்கள், அவர்களுடைய ஒரு குடும்பத்தின் கதை என்றாள். பாட்டு இருக்குதோ என்று ஒருத்தி கேட்டாள். கிற்றார் இருக்கு என்றாள் அவள். சரி என்று இருந்துவிட்டோம்.

அன்றைக்கு மகளுக்கு லீவு. என்னோடு வந்து பக்கத்தில் இருந்தாள்.

எனக்கு இங்கிலிஸும் தெரியாது, அந்தச் சனத்தின் பாஷையும் தெரியாது. கீழே ஓடிய தமிழ் எழுத்தை வாசித்து முடிக்க முன்னம் அது ஓடிப்போய்விடும். ஆனால் ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. பலகை வீடு, வாசலில் பழைய சோபா. புருசன் பெரிய ஆள், சிரிப்பென்றால் வாய் கொள்ளாத சிரிப்பு. ஊரில் யார் வீடு மாறினாலும் அலுமாரி தூக்கப் போவான். அவனைக் கண்டால் எல்லோரும் முதுகில் தட்டுவார்கள். அவனுடைய வான் வந்து நிற்கிற சத்தம் கேட்டதும் பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்க்கும். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். என் மடியில் இருந்து பார்க்கிற பார்வை அது.

குடித்துவிட்டு வந்து மனைவியை அடித்தான். எனக்கு முன்வரிசையில் ஒருத்தி, குடிதான், எல்லாம் குடி செய்கிற வேலை என்று உச்சுக் கொட்டினாள். நான் ஓமென்று தலையாட்டினேன். அந்தச் சனத்துக்கு விரதமில்லை, பாவங்கள் என்று நினைத்தேன். அந்தப் பெண்ணின் மாமியார்க் கிழவிக்குத் தாடையில் பச்சை குத்தியிருந்தது. என்னைப் போல ஒரு கெட்டிக்காரி அவர்களுக்கு வாய்க்கவில்லையே என்று அந்தக் கிழவியை இளக்காரமாகவும் பார்த்தேன்.

பிறகு ஒரு காலை. வெயில் நல்லாக அடிக்கிறது. எங்கேயும் போத்தல் இல்லை. எல்லோரும் குளித்து, நல்ல உடுப்புப் போட்டு, எங்கேயோ வெளிக்கிடுகிறார்கள். அவன் வெள்ளைச் சேட் போட்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருக்கிறான். சேட்டில் ஒரு பொத்தான் இல்லை. அவ்வளவுதான். மனைவியைக் கூப்பிட்டான். கதவைச் சாத்தினான். வெளியே வந்தபோது பொத்தான் தைத்திருந்தது. அவள் கை நீண்ட சட்டைக்கு மாறியிருந்தாள்.

போனது அவர்களுடைய கோயில் மாதிரி ஒரு மண்டபத்துக்கு. செத்துப்போன பாட்டன் பூட்டன்களை மரத்தில் செதுக்கி, கண்ணுக்குச் சிப்பி பதித்து நிறுத்தியிருக்கிறார்கள். வாசலில் எல்லோரும் சப்பாத்தைக் கழற்றுகிறார்கள், எங்களைப் போலவே. ஒருவரோடு ஒருவர் மூக்கை வைத்து மூச்சை வாங்குகிறார்கள். அதுதான் அவர்களுக்கு வணக்கம். அவனுக்கு மூக்கை வைக்க எத்தனை பேர் வரிசையில் நின்றார்கள் தெரியுமா? மனைவி எல்லோருக்கும் பின்னால் வந்தாள். குனிந்து, அவன் கழற்றிவிட்ட சப்பாத்தை நேராக எடுத்து வைத்தாள்.

அந்த இடத்தில் மகள் என் காதுக்குள் சொன்னாள்: "அம்மா, கந்தசட்டிக்கும் அடிச்சவர்."

படத்தைப் பற்றிச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். மாவோரிக்காரனுக்கு ஏது கந்தசட்டி என்று யோசித்தேன். பிறகு விளங்கியது.

"நான் பிடிச்ச மற்ற நாளுகளிலை?"

"ஓம்."

"சத்தம் கேக்கேல்லையே, பிள்ளை."

"சத்தம் வராமல் அடிக்கப் பழகீட்டார். நானும் பழகீட்டன்."

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்கள் இல்லாத விரதமெல்லாம் உண்டாக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும் அம்மா. சீனி வருத்தத்தோட பட்டினி கிடந்தனீங்கள். அது வீணெண்டு உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது?"

பக்கத்தில் யாரோ ரோல்ஸ் கடிக்கிற சத்தம் கேட்டது. நாங்கள் எழும்பிப் போகவில்லை. எழும்பினால் எல்லோரும் பார்ப்பார்கள். படம் முடியும்வரை இரண்டு பேரும் நேரே பார்த்துக்கொண்டு இருந்தோம். அந்தக் குடும்பத்துக்குக் கடைசியில் என்ன ஆனது என்று என்னைக் கேட்காதீர்கள். கண் திறந்திருந்தது, நான் பார்க்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது மிச்சத்தைச் சொன்னாள். கந்தசட்டியின் கடைசி நாள், சூரன் போர் பார்த்துவிட்டு வந்த பின்னேரம், நான் களைப்பில் படுத்திருந்தபோது நடந்தது. நெற்றியில் திருநீறு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத வாய். மகளை அறைக்குள் கூப்பிட்டிருக்கிறார். அன்றைக்கு மூத்தவள் தொலைக்காட்சியின் பக்கம் போகவில்லை. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய் நடுவில் நின்றிருக்கிறாள். ஓங்கின கையை அவர் இறக்கவில்லை. பிள்ளையைப் பார்த்து, அடுத்தது உனக்குத்தான் என்று நிதானமாகச் சொல்லியிருக்கிறார்.

எங்கள் தரிப்பிடம் போய்விட்டது. நாங்கள் இறங்கவில்லை. பஸ் திரும்புகிற இடம்வரை போனோம். நான் அவளைப் போவென்று சொல்லவில்லை. அவளும் போகிறேன் என்று சொல்லவில்லை. மூத்தவளை அவர் தொட முன்னம் என்ன செய்யலாம் என்று மட்டும் கதைத்தோம். அதற்கு ஒரு வழிதான் இருந்தது.

சங்கத்துப் பெட்டையிடம் போனோம். அவள் பொலிசுக்குச் சொல்வோம் என்றாள். மகள் முதலில் பிள்ளைகளைக் கொண்டுபோக வேண்டும் என்றாள். பெட்டை பலரோடு போனில் கதைத்து, வேறொரு ஊரில் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் ஒளிவான ஓர் இடம் எடுத்தாள். அங்கே எனக்கு இடமில்லை, எனக்கு வேறொரு அறை பார்ப்பதாகச் சொன்னாள். அவர்கள் போகிற ஊரின் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். சொல்லாதே என்று தடுத்தேன். எனக்கு வாய் பெரிது. தெரியாததை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

இனி அவருடைய கண்ணுக்கு முன்னால் மூன்று பேரையும் எப்படி வெளியே எடுப்பது? அவர் வேலைக்குப் போனாலும் போன் அடித்துக்கொண்டே இருப்பார். எங்கே, யாரோடு, எப்போது வருவாய் என்று கேட்பார். அவர் போன் அடிக்காத இடம் ஒன்றுதான் இருந்தது. கோயில்.

அப்போதுதான் நான் என் கடைசி விரதத்தை உண்டாக்கினேன். எங்கள் ஊரில் மட்டும் பிடிக்கிற விரதம், புருசனுடைய ஆயுளுக்காகப் பெண்சாதி காப்புக் கட்டுகிறது, பெண்பிள்ளைகளும் கூட இருக்க வேண்டும், விடியக் கோயிலுக்குப் போனால் பின்னேரப் பூசைவரை புருசன் முகத்தில் முழிக்கவும் கூடாது, குரல் கேட்கவும் கூடாது என்று சொன்னேன். அவர் எத்தனையோ திருவிழா பார்த்த மனுசன்தான். ஆனால் பெண்களின் விரதத்தில் என்ன நடக்கிறது என்று எந்த ஆம்பிளை விசாரித்திருக்கிறான்? பால்சோறு வந்தால் சரி.

"எனக்காகத்தானே மாமி?" என்று கேட்டார். சந்தோசப்பட்டார்.

"உங்களாலைதான் தம்பி," என்றேன்.

பள்ளிக்கூட விடுமுறை நாள். அவரே காரில் கொண்டுபோய் விட்டார். அருச்சனைப் பையைத் தூக்கியபோது, என்ன மாமி இவ்வளவு பாரம் என்றார். தேங்காய், நேர்த்திக்கு நிறையத் தேங்காய் என்றேன். மேலே வாழையிலையும் பூவும். கீழே பாஸ்போட்டுகளும், பிள்ளைகளின் உள்ளுடுப்பும், சின்னவளின் துணிப் பொம்மையும். பையைக் கோயில் வாசல்வரை தானே சுமந்துவந்து, கவனமாக இறக்கி வைத்துவிட்டுப் போனார். வாழ்க்கையில் அவர் எங்களுக்குச் செய்த உதவி அது.

பின்வாசலில் பெட்டையின் ஆள் ஒருத்தி காரோடு நின்றாள். அழ நேரமில்லை. சின்னவள், அம்மம்மா வரவில்லையோ என்று கேட்டாள். எனக்கு விரதம் முடியவில்லை என்றேன். மூத்தவள் சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் படத்தை அவள் பார்க்கவில்லை. ஆனால் நான் அவளைக் கிட்டப் பிடித்து மூக்கோடு மூக்கை வைத்தேன். அவளுடைய மூச்சில் காலையில் குடித்த பால் மணந்தது. மகள் என் காலைத் தொட்டுவிட்டு ஏறினாள். அவளுடைய இடது கைச் சின்னவிரல் நிமிராது. அந்த விரல் என் சேலையில் கொழுவிக்கொண்டது. எடுத்துவிட்டேன். கார் போய்விட்டது.

நானும் ஓடியிருக்கலாம். பெட்டை அதைத்தான் சொன்னாள். ஆனால் அவர் வரும்போது யாருமே இல்லையென்றால் அந்த நிமிசமே தேடத் தொடங்குவார். நான் இருந்தால், என்னோடு கொஞ்சநேரம் மினக்கெடுவார். அந்தக் கொஞ்சநேரம் அவர்களுக்குத் தேவை. ஆகவே நான் தூணோரம் இருந்தேன். பெட்டை எனக்குப் பின்னால் ஒரு தூணில் சாய்ந்து, கையில் போனை வைத்துக்கொண்டு தியானம் செய்கிற மாதிரி இருந்தாள். தியானம் செய்கிற ஆளுக்கு அப்படிக் கண் சுழலாது. நல்லகாலம் யாரும் கவனிக்கவில்லை.

பின்னேரம் வந்தார். சப்பாத்தைக் கழற்றி, கால் கழுவி, சாமியைக் கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டுதான் என்னிடம் வந்தார்.

"காப்புக் கட்டியாச்சோ மாமி?"

"ஓம் தம்பி, கட்டியாச்சு."

"எங்கை அவை?"

"போயிட்டினம்."

"எங்கை?"

"எனக்குத் தெரியாது."

முதலில் சிரித்தார். நான் பகிடிக்காரி என்று எல்லோருக்கும் தெரியும்தானே. பிறகு என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் பக்கத்தில் மெல்ல இருந்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார். சேலைத் தலைப்பை இழுத்து மூடிவிட்டு, அதற்கு அடியில் பிடித்தார். தெரிந்தவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். அவர்களுக்குத் தலையசைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு ஏற்ற மாதிரிக் கீழே பிடி இறுகியது. எலும்பு எலும்போடு உரசுகிறது எனக்குத் தெரிந்தது.

"நான் என்ன குறை வைச்சனான் மாமி?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஒரு குறையுமில்லைத் தம்பி. நிறையத்தான் குடுத்தனீங்கள்."

இன்னும் இறுக்கினார். சத்தம் வராமல் எப்படிச் செய்கிறது என்று மகள் சொன்னதை அப்போதுதான் நான் என் கையால் படித்தேன். எனக்கும் வாய் திறக்கவில்லை. கோயில், பூசை நேரம், நாலு பேர், மருமகன் என்ற மரியாதை எல்லாம் சேர்ந்து வாயைப் பொத்தின. உள்ளே மணி அடித்துக்கொண்டிருந்தது. தீபம் காட்டி முடித்ததும் மணி நின்றது. அந்த அமைதியில்தான் எனக்கு ஒன்று பட்டது. இந்த மனுசனுக்கு வேண்டியது எங்களுடைய சத்தமில்லாமைதான். அதை நாங்கள் மூன்று தலைமுறையாக அள்ளிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். நான் பொய் விரதத்தால் கொடுத்தேன். மகள் வாயைக் கடித்துக் கொடுத்தாள். பேத்தி தொலைக்காட்சியைக் கூட்டிக் கொடுத்தாள்.

நான் கத்தினேன். மீன் சந்தையில் கத்துகிற மாதிரி, மண்டபம் முழுக்கக் கேட்கக் கத்தினேன். "என்ரை கையை விடுங்கோ தம்பி, முறியப் போகுது. என்ரை மகளை முறிச்சது போதும்."

ஐயர் தட்டோடு திரும்பிப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். சேலைத் தலைப்பு விழுந்துவிட்டது, அவருடைய கையும் என் மணிக்கட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. விட்டார். அவர் எழும்பிப் போய், வாசலில் தன் சப்பாத்தைத் தேடி, குனிந்து கயிற்றை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு போனார். பெட்டை பொலிசுக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு மனுசி மட்டும் கிட்ட வந்து, கோயிலுக்குள் இப்படிக் கத்தலாமோ என்று என்னைக் கேட்டாள்.

இப்போது அவர் மகளுக்கும் பிள்ளைகளுக்கும் கிட்டப் போகக் கூடாது என்று கோர்ட் சொல்லியிருக்கிறது. இந்த வருடத் தேருக்கும் அவர் வடம் பிடித்தார். முன்னுக்கு வர அவருக்கு இடம் விட்டார்கள். நான் நின்ற பக்கத்தில்தான் இடம் காலியாக இருந்தது. மகளும் பிள்ளைகளும் இருக்கிற ஊர் இப்போது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தேவையில்லை. சின்னவள் கதவு மணி அடித்தால் மேசைக்குக் கீழே போகிறாள். மூத்தவள் தொலைக்காட்சி ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறாளாம். எல்லாம் முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். நல்ல சிரிப்பில்லை.

கோயிலில் கத்திய அந்த வாரமே கவுன்சில் எனக்கு ஓர் அறை தந்தது. அங்கே ஒவ்வொருவராக வந்தார்கள். வாழைப்பழம், பிஸ்கட், அதற்குள் மறைத்த கேள்வி. மகள் எங்கே? நான் முதலில் வந்தவர்களுக்கெல்லாம், அவள் ஒரு விரதம் தொடங்கியிருக்கிறாள் என்றேன். என்ன விரதம் என்றார்கள். மச்சம் விலக்குகிற மாதிரிப் புருசனை விலக்குகிற விரதம் என்றேன். சிலர் சிரித்தார்கள், சிலர் எழும்பிப் போனார்கள். ஒருத்தி எப்போது பாறணை என்று கேட்டாள். விரதம் முடித்துச் சாப்பிடுகிற நாளைத்தான் கேட்டாள், பாவம். மகள் இப்போதுதான் வயிறு நிறையச் சாப்பிடுகிறாள் என்றேன்.

கடைசியாகக் கீழ்வீட்டுக்காரி வந்தாள். கொண்டுவந்த பையை மேசையில் வைத்துவிட்டு, என் மணிக்கட்டில் மஞ்சளாய்ப்போன நாலு விரல் அடையாளத்தைப் பார்த்தாள். வீட்டில் இப்போது சத்தமே இல்லை, மாமி இல்லாமல் மா இடிக்கிறதுக்கும் ஆளில்லை என்றாள். பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் கண் என் முகத்துக்கு வரவில்லை.

"அது மா இல்லைப் பிள்ளை," என்றேன்.

அவள் மேசையில் வைத்த பையை எடுத்து, திரும்பவும் வைத்தாள். பிறகு, "தெரியும் மாமி. கேட்டால் நானும் ரீவிச் சத்தத்தைக் கூட்டி விடுறனான்," என்றாள்.

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அழுதாள். கொஞ்சம் அழவிட்டேன். பிறகு இதைத்தான் சொன்னேன்:

"காணும், அழுதது போதும், மூக்கைத் துடை. உனக்கு நல்ல வாய் இருக்குது. ஊர் முழுக்க விடுப்புக் கொண்டு திரிஞ்சனி, இதையும் கொண்டு போ. கோயிலடியிலை சொல்லு, கடையிலை சொல்லு, அவர் வடம் பிடிக்கேக்கை பக்கத்திலை நிண்டு சொல்லு. ஆனா சரியாச் சொல்லு. மேல்வீட்டுக் கிழவி பொய் சொன்னவ, அண்டைக்கு இடிச்சது மாவை இல்லை, அவவின்ரை மகளை எண்டு சொல்லு."